முத்திரைக்கு யோசனை சொல்லப் போனவர்கள்

உத்திரமேரூரிலிருந்து பாலாற்றங்கரை வரைக்கும் உள்ள அத்தனை ஊர்ச் சந்தேகங்களையும் ஒரு சாக்கில் போட்டுத் தைத்தால், அந்தச் சாக்குக்கு முத்திரை என்று பெயர் வைக்கலாம். வைத்தாலும் தையல் சரியாக இருக்கிறதா என்று அந்த மனுஷன் பிரித்துப் பார்ப்பார்.

இந்தப் பேச்சு ஏன் வந்தது என்றால், பத்திரிகையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். வயசானவர்கள் நல்லபடியாக, சந்தோஷமாக வாழ்வதற்கு நாலு யோசனை சொன்னால் போடுகிறோம் என்றார். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. இந்தக் காலத்தில் போனில் வயசைக் கேட்கிறவன் அடுத்தபடியாக ஆதார் நம்பர் கேட்பான். இவர் கேட்கவில்லை. அது இன்னும் சந்தேகமாக இருந்தது. யோசனை எல்லாம் என்னிடம் இல்லை, யோசனை கேட்காமலே வாழ்ந்த ஒரு ஆளைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். சரி என்றார். நான் பள்ளிக்கூடம் பக்கம் காணாமல் போன மாட்டைத் தேடிப் போனதோடு சரி. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுவில் அவளாக ஏதாவது சேர்க்கிறாளா என்று எனக்கும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

முத்திரை என்பது அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் இல்லை. அந்தப் பெயர் என்ன என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னால் எவனாவது வைத்துக்கொள்வான் என்று அவரும் சொன்னதில்லை.

களத்தில் நெல்லைக் குவித்தால் அதன் மேல் சாம்பலால் கோடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம், அந்தக் கோட்டுக்குத்தான் முத்திரை என்று பெயர். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, அடியைச் சுற்றி ஒன்று. ஆள் இல்லாத நேரத்தில் யாராவது ஒரு முறம் அள்ளினால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு விறகுச் சாம்பல் ஆகாது, லேசான காற்றுக்கே பறந்துவிடும். வறட்டிச் சாம்பல்தான் ஒட்டும். அதிலும் எருமைச் சாணி வறட்டி என்றால் விசேஷம். இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எல்லாரும் நெல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். முத்திரை நிறுத்தவில்லை. வைக்கோல் போருக்குக் கோடு போட்டார். தயிர்ச்சட்டி மூடிக்குப் போட்டார். ஒரு நாள் போய்ப் பார்த்தால் எருக்குழியைச் சுற்றியும் சாம்பல் போட்டிருக்கிறார்.

"யோவ் மச்சான், சாணிய எவன்யா திருடுவான்?" என்று கேட்டேன்.

"எவனும் திருட மாட்டான்னு நெனச்சிக்கினு கீறோம் பாரு, அங்கதான் கைய வெப்பான்."

அவர் மனைவி பச்சையம்மா என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடும். ரத்த சொந்தம் ஒன்றும் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆகிவிட்டது. அந்த வகையில் முத்திரை எனக்கு மச்சான். கல்யாணமான நாளிலிருந்து அந்த அம்மா போடும் சோற்றை மோந்து பார்க்காமல் அவர் சாப்பிட்டதில்லை. விஷம் வைத்துவிடுவாள் என்று இல்லை. "நேத்து கொயம்ப இன்னிக்கி கொயம்புன்னு போட்டுட்டா?" என்பார். நேற்றைய குழம்பைத்தான் போட்டிருப்பாள் பச்சையம்மா. மோந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுவார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். எதைச் சொன்னாலும் கடைசியில் "ரைட்டு" என்பதால் அவருக்கும் அதுவே பெயர். ரைட்டு வேலையில் இருந்தபோது முத்திரை பஸ் ஏறினால் தினமும் இதே பேச்சுதான்.

"உத்தரமேரூர் போவுமா?"

"போர்டுல போட்டுக்கீது பாரு நைனா."

"போர்டுல போட்டுக்கீது. பஸ்ஸு போவுமா?"

டிக்கெட் வாங்கின பிறகு இறங்கிப் போய் டிரைவரையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்து உட்காருவார்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் உத்திரமேரூருக்குப் பெருமை சொல்ல ஒரு கல்வெட்டு இருக்கிறது. குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. வெளியூர்க்காரர்கள் வந்து நின்று வாயைப் பிளந்து போட்டோ எடுப்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தபோது, முத்திரை பின்னாலிருந்து, "கொடத்த யாரு வூட்லேந்து கொண்டாந்தாங்கன்னு எய்திக்கீதா?" என்று கேட்டார். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர் கல்வெட்டை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் குடம், குழம்பு, பஸ் இவற்றின் மேல் அவருக்கு இருந்தது சின்னச் சந்தேகம்தான். பெரிய சந்தேகம், யோசனை சொல்கிறவர்கள் மேல். எங்கள் பக்கம் அறுபது தாண்டினால் ரெண்டு வரும். ஒன்று சர்க்கரை. இன்னொன்று, எப்படி வாழ வேண்டும் என்று அடுத்தவனுக்குச் சொல்லும் வியாதி. சர்க்கரைக்காவது மாத்திரை இருக்கிறது.

"நைனா, காலங்காத்தால எயுந்து நட. மனசு லேசாயிடும். நூறு வயசு வாயலாம். ரைட்டு" என்று ரைட்டு ஒரு நாள் சொன்னார். நடக்கச் சொன்னால் மனுஷன் நடக்க வேண்டியதுதானே. முத்திரை மறுநாள் விடியற்காலம் எழுந்து ரைட்டுக்குப் பின்னாலேயே, வேலி ஓரமாக, ஏரிக்கரை வரைக்கும் போயிருக்கிறார். ரைட்டு நேராக நடந்து டீக்கடைக்குப் போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சுடச்சுடப் போண்டா வாங்கித் தின்றார். ரைட்டுக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று அவர் மருமகள் வீட்டில் தடை போட்டிருந்தாள். முத்திரை கிட்டப் போய் நின்று, "மனசு லேசாச்சா?" என்று கேட்டார். ரைட்டு போண்டாவை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாமல் நின்றாராம். அது வரையில் சரி. அன்று சாயங்காலமே விஷயம் மருமகள் காதுக்குப் போனது எப்படி என்று மட்டும் ரைட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் தங்கமான மனுஷர். "நைனா, எதையும் மனசுல வெச்சிக்காம சிரிச்சிக்கினே இருங்க. மிச்சத்த மேல கீறவன் பாத்துப்பான்" என்றார்.

"அவரு பாத்துக்கட்டும். நீ தராச பாரு" என்றார் முத்திரை.

வாங்கின பருப்பை வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் உரக்கடையில் நிறுத்தி மறுபடி எடை போட்டுப் பார்த்தார். கொஞ்சம் கூடவே இருந்தது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இவருக்கு அன்றைக்குத் தூக்கம் போனது. "கொறச்சிப் போட்டா திருடன்னு வுட்டுடலாம். கூடப் போட்டுக்கீறான். எதுக்குப் போட்டான்?" என்று என் வீட்டுக்கு வந்து கேட்டார். மறந்து போட்டிருப்பார் என்றேன். "மறந்து போடறவன் கடைய எப்டி நடத்துவான்?" என்றார். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கும் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நானும் ஒரு தடவை வாயைத் திறந்தேன். எங்கள் ரெண்டு பேர் நிலமும் ஏரிக்குக் கீழே அடுத்தடுத்து இருக்கிறது. ஒரு நாள் மதகுப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று. அப்படிக் காற்று வந்தால் எனக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லத் தோன்றும். "மச்சான், கொஞ்சம் வுட்டுக்குடுத்துப் போனா மனசு நிம்மதியா இருக்கும்" என்றேன். மத்தியானம் பார்த்தால் கயிற்றை எடுத்துக்கொண்டு எங்கள் ரெண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள வரப்பை அளந்துகொண்டிருக்கிறார்.

"இன்னா மச்சான் இது?"

"வுட்டுக்குடுன்னு சொல்றவன்தான் மொதல்ல வரப்ப நவுத்துவான்."

அளந்து முடித்தபோது வரப்பு நகர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் என் நிலத்துக்குள் நகர்ந்திருந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, "எலி வேல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சின்ன வயசில் பழையசீவரம் பார்வேட்டைத் திருவிழாவில் யாரோ அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதிலிருந்து என்பார்கள். அவர் அப்பாவும் அப்படித்தான் என்பார்கள். சொல்கிறவர்கள் யாரும் அந்தத் திருவிழாவுக்குப் போனவர்கள் இல்லை. அதனால் நான் எதையும் நம்புவதில்லை.

இப்போது இந்தச் சொர்ணவாரிப் போகத்து அறுவடைக்கு வருகிறேன். மிஷின் வந்து அறுத்து நெல்லைக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அதை டிராக்டரில் ஏற்றி, கொள்முதல் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோய்க் குவித்தோம். அங்கே ஏற்கெனவே வரிசையாகக் குவியல்கள். நம் முறை வரும் வரைக்கும் காவல் இருக்க வேண்டும். பிள்ளைகள் எல்லாம் ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்கள், லீவு கிடைக்காது. அதனால் ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் ஒரு கட்டில், கட்டிலில் ஒரு கிழவன். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நெல் எடுக்கும் இடமா, முதியோர் இல்லமா என்று குழப்பம் வரும்.

என் குவியலும் முத்திரையின் குவியலும் பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது குண்டு நெல். அவருடையது சன்ன ரகம். சன்னத்துக்கு விலை கொஞ்சம் கூட. ரெண்டும் கலந்துவிட்டால் மொத்தத்தையும் குண்டு என்றுதான் எடுப்பார்கள்.

"மச்சான், ஒன் குண்டு உருண்டு வந்து என் சன்னத்துல கலந்தா பேஜார் ஆயிடும்" என்று சொல்லி, ரெண்டு குவியலுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டு, அதிலும் சாம்பல் போட்டார். வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறைய வறட்டிச் சாம்பல் கொண்டுவந்திருந்தார்.

வேலை இல்லாத கிழவர்கள் ஒரே இடத்தில் கூடினால் என்ன நடக்கும். யோசனை மழை. ரைட்டின் குவியலும் அங்கேதான். வெந்நீர் குடி என்பார் ஒருவர். பேரப்பிள்ளைகளோடு விளையாடு என்பார் இன்னொருவர். அந்த ஆளின் பேரப்பிள்ளைகள் அவரைக் கண்டால் ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். முத்திரை தன் கட்டிலில் குந்திக்கொண்டு, பேசுகிறவர்களின் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானத்துக்கு மேல் செய்யாறு பக்கத்திலிருந்து மேகம் ஏறியது. அந்தப் பக்கத்து மேகம் ஏறினால் ஏமாற்றாது. எல்லாரும் தார்ப்பாயை எடுத்தோம். முத்திரை மட்டும் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிவிட்டது, ஆனால் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இன்னா மச்சான் பண்ணுது?"

"கேஸு."

"மூஞ்சியே சரியில்லியே."

"ஒன் வேலையப் பாரு."

அந்த நேரம் பச்சையம்மா தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவந்தாள். முத்திரை வாங்கினார். மூடியைத் திறந்து மோந்து பார்க்கவில்லை. அப்படியே கட்டிலுக்குக் கீழே வைத்தார். பச்சையம்மா முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"அண்ணே, இவுருக்கு இன்னாவோ ஆயிடுச்சி" என்றாள் என்னிடம். அப்புறம் அவரிடம் குனிந்து, "இன்னாயா, எங்க வலிக்குது?"

"சொம்மா இரு. தோளாண்ட லேசா இயுத்துப் புடிக்குது. மயை வருது, தார்ப்பாயப் போடு."

ரைட்டு அதற்குள் போன் போட்டு ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டார். "காஞ்சிபுரம் போயிடலாம் நைனா. இந்த வலி வெளையாட்டு இல்ல. ரைட்டு."

"யாரு ஆட்டோவக் கூப்டச் சொன்னது?" முத்திரை எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "மயை வர நேரத்துல எல்லாரும் சேந்து என்ன ஏத்தி அனுப்பிட்டு, இங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"நா பாத்துக்கறேன் மச்சான்" என்றேன்.

"நீ பாத்துப்ப. அதான் பயம்."

"உசுரு இருந்தாதான்யா எல்லாம்" என்றார் வெந்நீர் குடிக்கச் சொன்னவர். "நெல்லு போனா அடுத்த போகத்துல வரும்."

"நெல்லு போனா வரும்னு சொல்றவன் நெல்லு எதுவும் போறதில்ல" என்றார் முத்திரை. பேசும்போதே மூச்சு வாங்கியது. ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அவர் ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். ரெண்டு பேர் தூக்கப் போனார்கள். கை போட்டால் இன்னும் இறுக்கிப் பிடித்தார். உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. என் வயசில் நிறைய சாவு பார்த்திருக்கிறேன். அந்த வெளுப்பு எனக்குத் தெரியும்.

பச்சையம்மா கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெல் தள்ளும் பலகையை எடுத்தாள். சாம்பல் கோட்டின் மேலேயே நடந்து போனாள். அவர் குவியலின் உச்சியில் பலகையை வைத்து, என் குவியல் பக்கமாக இழுத்தாள். சன்ன நெல் சரசரவென்று சரிந்து என் குண்டு நெல்லில் போய் விழுந்தது.

"யேய்" என்றார் முத்திரை. "கலக்காத. வெல போயிடும்."

"போவட்டும்."

"அடியேய், கஷ்டப்பட்டு ஒயைச்சதுடி."

"தெரியும். களை எடுத்தது யாரு, நீயா?"

சொல்லிக்கொண்டே இழுத்தாள். ஒரு விவசாயி வீட்டுப் பெண் தெரிந்தே சன்னத்தையும் குண்டையும் கலப்பதை நாங்கள் யாரும் அது வரை பார்த்ததில்லை. நடுவில் விட்டிருந்த இடம் மூடி, ரெண்டு குவியலும் ஒரே குவியலாக ஆன பிறகுதான் நிறுத்தினாள். பலகையைக் கீழே போட்டாள்.

"இனிமே இது ஒன்னுது இல்ல. அண்ணனுது. அடுத்தவன் நெல்லுக்கு நீ இன்னாத்துக்குக் காவல்? எயுந்து வா."

முத்திரை குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பச்சையம்மாவைப் பார்த்தார். நாற்பது ஐம்பது வருஷமாக அந்த அம்மாளை அவர் எப்படி எப்படியோ பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒருநாளும் பார்த்ததில்லை. கட்டில் காலைப் பிடித்திருந்த கை தானாக விட்டது. ரைட்டும் இன்னொருவரும் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். பச்சையம்மாவும் ரைட்டும் கூட ஏறிக்கொண்டார்கள். ஆட்டோ திரும்பும்போது உள்ளேயிருந்து அவர் குரல் மெல்லக் கேட்டது.

"தார்ப்பாயி மேல கல்லு வை மச்சான். வலுவான கல்லா வை."

அவர்கள் ஊர் எல்லையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். இங்கே மழை பிடித்துக்கொண்டது. என் தார்ப்பாய், அவர் தார்ப்பாய் ரெண்டையும் போட்டும் குவியல் பெரிசாகிவிட்டதால் ஓரம் மூடவில்லை. ரைட்டின் குவியலை மூடியது போக மிச்சமிருந்த தார்ப்பாயைக் கேட்காமலே எடுத்து மூடினேன். கல் வைத்தேன். மழை விட்ட பிறகு நனைந்தபடி கட்டிலில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மச்சானின் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

அடுத்த குவியல்காரர், "இன்னாபா, வூட்டுக்குப் போயி துணி மாத்திக்கினு வரலியா?" என்று கேட்டார். நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனால் என் மண்டைக்குள், இவன் எதுக்கு நம்மள வூட்டுக்கு அனுப்பப் பாக்கறான் என்று ஓடியது. அந்தப் பக்கம் ஒரு ஆடு வந்தது. ஆடு தானாக வந்ததா, யாராவது ஓட்டிவிட்டார்களா என்று பார்த்தேன். பாய் கடையிலிருந்து வரும் வழியில் ஒருவர் நின்று பீடி பற்ற வைத்தார். பற்ற வைக்க இவ்வளவு நேரமா என்று தோன்றியது. என் நெல்லுக்கு மட்டும் காவல் இருந்தவரைக்கும் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிய ஆள் நான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முத்திரையின் சாம்பல் சட்டியைத் தேடி எடுத்து, குவியலைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஈரத்தில் சாம்பல் நன்றாக ஒட்டியது. இதை எழுதும்போது மருமகள் சிரிக்கிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ரைட்டு வந்து சொன்னார். நெஞ்சில் ஒயரை ஒட்டி மிஷின் வைத்தார்களாம். மிஷின் பேப்பரில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு போனதாம். அந்த நிலைமையிலும் முத்திரை தலையைத் தூக்கிப் பார்த்து, "இன்னாமா கோடு இது, மேலயும் கீயயும் போவுது? கோடுன்னா நேரா போடணும்" என்றாராம். நர்சம்மா நிதானமாக, "நேரா போட்டா நீங்க இருக்க மாட்டீங்க பெரியவரே, படுங்க" என்றாளாம். அதற்கு அப்புறம் கோடு சரியாக வளைகிறதா என்று அவரே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மாரடைப்புத்தான். நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இல்லையென்றால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் பச்சையம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது முத்திரையிடம் யோசனையும் சொல்லியிருக்கிறார்.

"கவலைப்படாதீங்க. யார் மேலயும் சந்தேகப்படாதீங்க. சந்தோஷமா இருங்க. அவ்ளோதான்."

"இத்த எனக்கு மட்டும் சொல்றீங்களா, எல்லாருக்கும் சொல்றீங்களா?"

"எல்லாருக்கும்தான் சொல்வேன்."

"அப்ப எனக்கு இன்னான்னு நீங்க பாக்கவே இல்ல" என்றாராம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். ரைட்டு சிரித்த சிரிப்பில் ஒன்றும் புரியவில்லை.

இதற்குள் இங்கே எங்கள் முறை வந்தது. நெல் பார்க்க வந்த கிளார்க் தம்பி குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். குண்டும் சன்னமும் பளிச்சென்று தெரிந்தன.

"இன்னா பெரியவரே, இப்டி கலந்து வெச்சிக்கீறீங்க?"

"குடும்பம் கலந்துடுச்சி சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் தெம்பு இல்லை. மொத்தத்தையும் குண்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். மச்சானுக்குச் சேர வேண்டியதைப் பிறகு பச்சையம்மா கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று பார்க்கப் போனேன். ஆள் பாதியாக இளைத்து, தலையணையில் சாய்ந்திருந்தார். சுற்றிலும் ஊர்க் கிழவர்கள். ஆளுக்கொரு யோசனையாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பச்சையம்மா போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எட்த்துட்டானா?"

"எட்த்துட்டான் மச்சான்."

"சன்னத்த குண்டு வெலைக்கு."

"ஆமா."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எந்த மருந்தும் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்காது. "நா அப்பவே சொல்லல?" என்று சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "எல்லாரும் சேந்து என்னிய அனுப்பும்போதே நெனச்சேன்."

"இத்த சொல்றதுக்குத்தான் உசுரோட வந்தியா" என்றாள் பச்சையம்மா. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு அடித்தது. மகன் வேலைக்குப் போயிருந்தான், மருமகள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். முத்திரை வந்தார். வெயிலில் வரக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வந்து கட்டிலில் உட்கார்ந்து, எனக்கு எழுதிக்கொடுத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த யாரு குடுத்தது?"

"மருந்துக்கடையில."

"அந்தப் பையன் நேத்து போன்ல பேசிக்கினே மருந்து எட்த்துக்கினு இருந்தான். நா பாத்தேன். இத்த இப்ப போடாத."

அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். உத்திரமேரூரில் வேறு மூன்று மருந்துக்கடைகளில் காட்டிக் கேட்டிருக்கிறார். வெயில் ஏறித் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"சரியாத்தான் குடுத்துக்கீறான். போடு" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அவர் போகவில்லை. கட்டில் பக்கத்தில் குந்திக்கொண்டு, தெருவில் போகிற வருகிற ஒவ்வொருவரையும் எதற்குப் போகிறான் எதற்கு வருகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவலைப்பட அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. பொழுது சாயும் வரைக்கும் தூங்கினேன்.